புது முறைக்குப் போகுமுன் திரும்பும் வழியைப் பார்த்து வைப்போம்



நம் கடைகளில் கம்ப்யூட்டர் பில் வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கம்ப்யூட்டர் வாங்குவதா வேண்டாமா என்பது இன்று நம் பிரச்சினை அல்ல. இருக்கிற பில் புரோகிராமை விட்டு வேறு ஒன்றுக்கு மாறும்போதும், அதே புரோகிராமுக்குப் புது வெர்ஷன் போடும்போதும், வரி விகிதம் மாறும்போதும் கடை தடுமாறி நின்றுவிடுகிறதே, அதுதான் பிரச்சினை. மாற்றங்களில் சில பலிக்கும், சில பலிக்காது. பலிக்காவிட்டால் என்ன செய்வது என்று முன்னதாகவே எழுதி வைத்துக்கொண்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பெரிய நிறுவனங்களில் இதற்கென்று ஒரு முறை உண்டு. 1980களின் இறுதியில் பிரிட்டிஷ் அரசின் கம்ப்யூட்டர் ஆலோசனை அமைப்பு, கம்ப்யூட்டர் சேவைகளை ஒழுங்காக நடத்தும் முறைகளைத் தொகுத்துப் புத்தகங்களாக வெளியிடத் தொடங்கியது. ஐ.டி.ஐ.எல். என்று அதைச் சுருக்கமாகச் சொல்வார்கள். இன்று உலகம் முழுவதும் பாங்குகளிலும் கம்பெனிகளிலும் கம்ப்யூட்டர் பிரிவினர் அதைப் படித்துத்தான் வேலை செய்கிறார்கள். எந்த மாற்றத்தைத் தொடுவதற்கு முன்பும், அது தோற்றால் பழைய நிலைக்குத் திரும்புவது எப்படி என்ற திட்டம் கையில் இருக்க வேண்டும் என்பது அந்த முறைகளில் ஒன்று. 'பேக்-அவுட் பிளான்' என்று அதற்குப் பெயர். நாம் 'திரும்பும் திட்டம்' என்று வைத்துக்கொள்வோம்.

பெயர் புதிதாக இருந்தாலும் விஷயம் நம் ஆரணிக்குப் புதிதல்ல. தறியில் புது பார்டரோ புது புட்டாவோ போடுவதற்காக ஜக்கார்டு அட்டைகளை மாற்றுகிற நெசவாளர், பழைய அட்டைக் கட்டைக் கழற்றிய கையோடு அடுப்பில் போடுவதில்லை. கட்டி, பத்திரமாக எடுத்து வைக்கிறார். புது அட்டையில் முதலில் கொஞ்சம் நெய்து பார்க்கிறார். பூ சரியாக விழுந்தால்தான் மேலே தொடர்கிறார். இந்தப் பழக்கத்தைத்தான் கம்ப்யூட்டர் விஷயத்தில் நாம் மறந்துவிடுகிறோம்.

இ-வே பில் கற்றுத்தந்த பாடம்

மாற்றம் தோற்றதையும், அரசாங்கமே திரும்பி வந்ததையும் நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். 2018 பிப்ரவரி 1 அன்று, மாநிலம் விட்டு மாநிலம் போகும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் கட்டாயம் என்றார்கள். அதற்கு முன் ஜனவரியில் இரண்டு வாரம் சோதனையும் நடத்தினார்கள். ஆனால் முதல் நாளே கம்ப்யூட்டர் தளம் பாரம் தாங்காமல் திணறியது. நம்பர் கிடைக்காமல் வியாபாரிகளும் லாரிக்காரர்களும் காத்துக் கிடந்தார்கள்.

அன்றைக்கே மத்திய நிதி அமைச்சகம், கட்டாயம் இல்லை, சோதனைக் காலம் நீட்டிக்கப்படுகிறது என்று அறிவித்துவிட்டது. லாரியோடு பில் போனால் போதும் என்ற முந்தைய நிலை தொடர்ந்தது. இரண்டு மாதம் எடுத்துக்கொண்டு தளத்தைப் பலப்படுத்தினார்கள். மறுபடி தொடங்கியபோது ஒரே நாளில் எல்லாவற்றையும் தொடங்கவில்லை. ஏப்ரல் 1 முதல் மாநிலங்களுக்கு இடையே கட்டாயமாக்கினார்கள். மாநிலத்துக்குள் போகும் சரக்குக்கு ஏப்ரல் 15 அன்று ஆந்திரா, தெலங்கானா, கேரளா, குஜராத், உத்தரப் பிரதேசம் ஆகிய ஐந்து மாநிலங்களில் தொடங்கினார்கள். நம் தமிழ்நாட்டுக்கு ஜூன் 2 அன்றுதான் வந்தது.

அந்தப் பிப்ரவரி மாதம் அரசாங்கத்தை நாம் கேலி பேசினோம். ஆனால் யோசித்துப் பார்த்தால் அங்கே மூன்று நல்ல காரியங்கள் நடந்திருக்கின்றன. ஒன்று, பழைய முறையை அழிக்காததால் திரும்ப முடிந்தது. இரண்டு, 'இன்னும் ஒரு நாள் பார்க்கலாம்' என்று இழுக்காமல் அன்றைக்கே முடிவெடுத்தார்கள். மூன்று, அடுத்த முறை படிப்படியாகப் போனார்கள். குண்டூர் மிளகாயும் குல்பர்கா துவரையும் வழியில் நின்றுவிடாமல் வந்து சேர இவைதான் காரணம்.

திரும்ப வழியில்லாமல் போன மாற்றம்

இதற்கு நேர் எதிரான உதாரணமும் நம் நாட்டிலேயே உண்டு. வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்யும் பழைய தளத்தை 2021 ஜூன் 1 முதல் 6 வரை மூடினார்கள். ஜூன் 7 அன்று புதிய தளத்தைத் திறந்தார்கள். திறந்த நாள் முதல் கோளாறுதான். உள்ளே நுழைய முடியவில்லை, பழைய விவரம் தெரியவில்லை என்று ஆடிட்டர்கள் தவித்தார்கள். பழைய தளத்துக்குத் திரும்புவது என்பது நடக்கவில்லை. ஆகஸ்ட் 23 அன்று நிதி அமைச்சர், தளத்தை அமைத்த நிறுவனத்தின் தலைவரை நேரில் அழைத்துப் பேசி, செப்டம்பர் 15க்குள் சரி செய்யும்படி கேட்கும் நிலை வந்தது. ஜூலை 31 என்று இருந்து, தளம் திறப்பதற்கு முன்பே செப்டம்பர் 30க்கு மாற்றப்பட்டிருந்த ரிட்டர்ன் கெடு, பிறகு டிசம்பர் 31க்குத் தள்ளிப்போனது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவோர் தர வேண்டிய சில படிவங்களைக் காகிதத்தில் எழுதி பாங்கில் கொடுக்கலாம் என்றும் அனுமதித்தார்கள்.

அரசாங்கத்தால் கெடுவை நீட்டிக்க முடியும். நம்மால் முடியுமா? பில் போட முடியவில்லை, ஐந்து மாதம் கழித்து வாருங்கள் என்று வாடிக்கையாளரிடம் சொன்னால் அவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். ஆகவே திரும்பும் வழி அரசாங்கத்தைவிட நமக்குத்தான் அதிகம் தேவை.

திரும்பும்போது விழுந்த பாங்க்

திரும்பும் வழி என்று ஒன்று இருந்தால் மட்டும் போதாது. அது நடக்கக்கூடிய வழிதானா என்றும் பார்த்திருக்க வேண்டும். 2012 ஜூனில் பிரிட்டனில் ராயல் பாங்க் ஆஃப் ஸ்காட்லாந்து குழுமத்தில் நடந்ததைப் பாருங்கள். இரவில் வாடிக்கையாளர் கணக்குகளைப் புதுப்பிக்கும் வேலைகளை வரிசைப்படுத்துகிற புரோகிராமுக்குப் புது வெர்ஷன் போட்டார்கள். கோளாறு தெரிந்ததும் அதை எடுத்துவிட்டுப் பழையதற்குத் திரும்பினார்கள். ஆனால் அப்படித் திரும்பினால் என்ன ஆகும் என்று முன்னதாகச் சோதித்துப் பார்க்கவில்லை. புதியதில் பாதி நடந்த வேலையைப் பழையதால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போயின.

அந்தக் குழுமத்தின் 65 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். பாக்கி எவ்வளவு என்று தெரியாமலும், பணம் எடுக்க முடியாமலும் பல நாள் அவதிப்பட்டார்கள். சிலருக்கு இது வாரக்கணக்கில் நீடித்தது. 2014 நவம்பரில் பிரிட்டிஷ் கண்காணிப்பு அமைப்புகள் இரண்டும் சேர்ந்து 5 கோடியே 60 லட்சம் பவுண்டு அபராதம் போட்டன.

அவ்வளவு பெரிய பாங்குக்கே இந்தக் கதி. 'பேக்கப் எடுத்திருக்கிறோம் சார், பயமில்லை' என்று புரோகிராம்காரர் சொல்வதை மட்டும் நம்பி நாம் உட்கார்ந்துவிடலாமா?

எங்கள் கடையில் நடந்தது

நானும் அப்படி நம்பி உட்கார்ந்தவன்தான். 2023இல் எங்கள் மளிகை மொத்தக் கடையில் பழைய பில் புரோகிராமை மாற்றினோம். ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வந்து பழைய கணக்கைப் புதியதில் ஏற்றினார்கள். கம்ப்யூட்டர் வேகமாக ஓட வேண்டும் என்று சொல்லி, அதே கம்ப்யூட்டரின் டிஸ்க்கைச் சுத்தமாக அழித்துவிட்டுத்தான் ஏற்றினார்கள். நானும் சரி என்றேன்.

திங்கட்கிழமை காலை முதல் தவறு தெரிந்தது. 2022 ஜூலை 18 முதல், பாக்கெட் செய்து லேபிள் ஒட்டிய அரிசியில் 25 கிலோ வரை 5 சதவீத வரி என்பதும், அதனால் 26 கிலோ மூட்டை வந்ததும் நம் ஊருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புதுப் புரோகிராம் 26 கிலோ மூட்டைக்கும் வரி போட்டுக்கொண்டிருந்தது. அதை மதியத்துக்குள் திருத்திவிட்டார்கள். பெரிய தவறு நான்கு நாள் கழித்துத்தான் வெளியே வந்தது.

கிராமத்தில் சில்லறைக் கடை வைத்திருக்கும் ஒருவர், இருபது வருடமாக எங்களிடம் சரக்கு எடுப்பவர், ஒரு நாள் மதியம் கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. பையிலிருந்து தன் பற்று நோட்டை எடுத்து என் மேஜை மேல் வைத்தார். "முதலாளி, 38,000 ரூபாய் பாக்கி என்று உங்கள் பையன் போன் செய்தான். கட்டிவிட்டேன் என்றேன். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்றான். அப்படியானால் என் நோட்டு பொய்யா?" என்று கேட்டார். நோட்டில் தேதி இருந்தது, எங்கள் கணக்குப்பிள்ளையின் கையெழுத்தும் இருந்தது.

விசாரித்தபோதுதான் தெரிந்தது. புதியதில் ஏற்றிய கணக்கு, பதினொரு நாள் முன்பு எடுத்த நகல். இடையில் வந்த வசூல் எதுவும் அதில் இல்லை. பழைய டிஸ்க்கை அழித்துவிட்டதால் திரும்பிப் போகவும் வழியில்லை. எங்கள் கணக்குப்பிள்ளை பழைய வழக்கப்படி தினசரி ரொக்கச் சிட்டாவைக் கையால் எழுதி வைத்திருந்தார். அதுதான் எங்களைக் காப்பாற்றியது. ஒன்பது நாள், கடை மூடிய பிறகு உட்கார்ந்து, ஒவ்வொரு வரவையும் பார்த்து ஏற்றினோம். அதற்குள் இரண்டு வாடிக்கையாளர்கள் பற்று வரவை முடித்துக்கொண்டு வேறு இடம் போய்விட்டார்கள்.

பணம் நஷ்டமாகியிருந்தால்கூட ஆறிப் போயிருக்கும். கொடுத்த பணத்தை மறுபடி கேட்டோம் என்ற சொல் வந்ததே, அது ஆறவில்லை. மொத்த வியாபாரம் பற்று வரவில் நிற்கிறது, பற்று வரவு நம்பிக்கையில் நிற்கிறது. கம்ப்யூட்டர் மாற்றத்தில் நாம் பணயம் வைப்பது அந்த நம்பிக்கையைத்தான்.

திரும்பும் திட்டம் எழுதுவது எப்படி?

பட்ட பிறகு கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். ஒரு முழுத் தாளில் எழுதிக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைக்கக்கூடிய அளவுதான் இது.

1. நாள் பார்த்தல்: மாதத்தின் முதல் பத்து நாள் சம்பளக் கூட்டம். 11ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-1, 20ஆம் தேதி 3பி. ஆகவே மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறவர்கள் 20ஆம் தேதிக்குப் பின் வரும் நாட்களில் மாற்றுவது நல்லது. தீபாவளி, பொங்கல் நெருக்கத்தில் வேண்டவே வேண்டாம். மாற்றுகிற நாளும் அடுத்த இரண்டு நாளும் புரோகிராம்காரர் கடையிலேயே இருக்க வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள்.

2. பழையதை அழிக்காதிருத்தல்: புதுப் புரோகிராமை வேறு கம்ப்யூட்டரில் போடுங்கள். பழைய கம்ப்யூட்டர் குறைந்தது இரண்டு மாதமாவது அப்படியே இருக்கட்டும். பழைய புரோகிராமின் வருட சந்தா அதற்குள் முடிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சந்தா தீர்ந்துபோன புரோகிராமுக்குத் திரும்ப முடியாமல் போகலாம்.

3. நகல் எடுத்தலும் சோதித்தலும்: மாற்றத்துக்கு முந்தின இரவு, கடைசி பில் போட்ட பிறகு நகல் எடுக்க வேண்டும். பத்து நாள் பழைய நகல் கூடாது. இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று கடைக்கு வெளியே இருக்கட்டும். அதில் ஒன்றை வேறு கம்ப்யூட்டரில் ஏற்றித் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகல், எடை போடாமல் வாங்கிய மூட்டை மாதிரி.

4. காகிதத்தில் நான்கு பட்டியல்: வாடிக்கையாளர் பாக்கி, நாம் கொடுக்க வேண்டிய பாக்கி, சரக்கு இருப்பு, விலையும் வரியும். இந்த நான்கையும் அச்செடுத்துக் கட்டி வையுங்கள். புதியதில் ஏற்றியதும் ஒவ்வொரு பட்டியலின் மொத்தத்தையும் ஒத்துப் பாருங்கள். மொத்தம் ஒத்துப் போனாலும் பத்துப் பேர் கணக்கையாவது தனித்தனியாகப் பாருங்கள்.

5. கெடு: 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று இழுப்பதுதான் ஆபத்து. மாற்றுவதற்கு முன்பே எழுதி வையுங்கள். உதாரணமாக, 'திங்கள் பகல் 12 மணிக்குள் பில், ரசீது, சரக்கு இருப்பு மூன்றும் சரியாக வராவிட்டால் பழையதற்குத் திரும்புவது.' கெடுவைப் புரோகிராம்காரரிடமும் சொல்லிவிடுங்கள். திரும்புவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று ஒருமுறை ஒத்திகை பார்த்து, அந்த நேரத்தையும் சேர்த்துக் கெடு வையுங்கள். திரும்ப மூன்று மணி நேரம் ஆகும் என்றால் மாலைக் கூட்டத்துக்கு முன் அது முடிய வேண்டும்.

6. முடிவெடுப்பவர் ஒருவர்: 'திரும்பு' என்று சொல்ல வேண்டியவர் யார் என்று பெயர் எழுதுங்கள். முதலாளி ஊரில் இல்லாவிட்டால் யார் என்பதையும் எழுதுங்கள். தம்பி ஒன்று சொல்ல, மகன் ஒன்று சொல்ல, நடுவில் பில் போடுகிற பையன் விழிக்கக் கூடாது.

7. இடையில் நடந்த வியாபாரம்: இதைத்தான் பலரும் மறக்கிறோம். காலை முதல் பகல் வரை புதியதில் முப்பது பில் போட்டிருப்போம். திரும்பினால் அந்த முப்பதும் என்ன ஆவது? ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதி அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். திரும்பியதும் விடாமல் பழையதில் பதியுங்கள். ஒரே பில் நம்பர் இரண்டு முறை வரக் கூடாது. ஜி.எஸ்.டி. விதிப்படி பில் நம்பர் 16 எழுத்துக்குள், தொடர் எண்ணாக, அந்த நிதியாண்டில் மறுபடி வராததாக இருக்க வேண்டும். ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகள் வைத்துக்கொள்ளலாம். ஆகவே பழையதற்கு ஒரு வரிசை, புதியதற்கு ஒரு வரிசை, கையால் எழுதும் பில் புத்தகத்துக்கு ஒரு வரிசை என்று முன்னதாகவே பிரித்துவிட்டால் குழப்பம் வராது.

8. கை பில் புத்தகம்: அச்சடித்த பில் புத்தகம் இரண்டு எப்போதும் கடையில் இருக்கட்டும். வருடம் 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். 2023 ஆகஸ்ட் 1 முதல் அவர்கள் பதிவு பெற்ற வியாபாரிக்குப் போடும் பில்லுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயம் என்பதால் கை பில் மட்டும் போதாது. புரோகிராம் படுத்துவிட்டால் என்ன செய்வது என்று ஆடிட்டரிடம் முன்னதாகவே கேட்டு எழுதி வையுங்கள்.

9. திரும்பும் வழி மூடும் நாள்: எந்நேரமும் திரும்பலாம் என்று நினைக்கக் கூடாது. புதியதில் ஒரு மாதக் கணக்கு சேர்ந்து, அதிலிருந்தே ரிட்டர்னும் போட்ட பிறகு பழையதற்குப் போவது என்பது இன்னொரு புது மாற்றம். அதற்குப் பின் வரும் தவறை இருந்த இடத்திலிருந்தே திருத்த வேண்டும். அதுவரை இரண்டையும் தினமும் ஒப்பிட்டுப் பாருங்கள். மெனக்கெட்ட வேலைதான், ஆனால் ஒன்பது இரவு கண் விழிப்பதைவிடச் சுலபம்.

சட்டமே மாறும்போது

நாமாக விரும்பிச் செய்யும் மாற்றத்தை ஒத்தி வைக்கலாம், திரும்பவும் செய்யலாம். சட்டம் கொண்டுவரும் மாற்றத்துக்கு அது முடியாது. 2025 செப்டம்பர் 3 அன்று ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவு செய்து, செப்டம்பர் 22 முதல் புதிய விகிதங்கள் அமலுக்கு வந்தன. குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்கு எண்ணெய், பிஸ்கட் ஆகியவை 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின. நெய், வெண்ணெய் 12லிருந்து 5க்கு வந்தன. பத்தொன்பது நாளில் கடையில் உள்ள நூற்றுக்கணக்கான சரக்குகளுக்கும் விகிதம் மாற்ற வேண்டியிருந்தது.

இப்படிப்பட்ட நாளில் பழைய விகிதத்துக்குத் திரும்புவது குற்றமாகிவிடும். ஆகவே திரும்பும் திட்டத்துக்குப் பதிலாகத் தாண்டும் திட்டம் வேண்டும். அதிகம் விற்கும் ஐம்பது சரக்கின் புதிய விலையையும் வரியையும் கையால் எழுதிக் கல்லாவில் ஒட்டுங்கள். முந்தின இரவே சோதனைக் கம்ப்யூட்டரில் பத்து பில் போட்டுப் பாருங்கள். காலையில் தவறினால் கை பில் போட்டு வியாபாரத்தைத் தொடருங்கள். பழைய விகிதப் பட்டியலையும் அழித்துவிடாதீர்கள். மாற்றத்துக்கு முன் விற்ற சரக்கு திரும்பி வந்தால், அந்தப் பழைய பில்லின் விகிதப்படிதான் வரவு வைக்க வேண்டும்.

நிறைவாக

திரும்பும் திட்டம் என்றதும் சிலர், 'ஆரம்பிக்கும்போதே தோற்பதைப் பற்றிப் பேசலாமா, அபசகுனம் அல்லவா' என்கிறார்கள். சரக்கு லாரிக்கு இன்ஷூரன்ஸ் கட்டும்போது நாம் அப்படி நினைப்பதில்லையே. திரும்பும் வழி இருக்கிறவன்தான் துணிந்து புதியதில் இறங்குவான். வழி இல்லாதவன் ஒன்று பயந்து பழையதிலேயே கிடப்பான், அல்லது இறங்கிய பிறகு தவிப்பான்.

பற்று நோட்டைக் கொண்டுவந்த அந்த வியாபாரி இன்றும் எங்களிடம்தான் சரக்கு எடுக்கிறார். அன்று அவர் வீட்டுக்கே போய் வருத்தம் தெரிவித்தேன். அதன் பிறகு கம்ப்யூட்டரில் எதை மாற்றினாலும், முதலில் அவர் கணக்கை எடுத்து அவருடைய நோட்டோடு ஒத்துப் பார்க்கிறோம். அது சரியாக இருந்தால்தான் அடுத்த பில்.

அடுத்த முறை புரோகிராம்காரர் வந்து 'மாற்றிவிடலாமா சார்' என்று கேட்டால், வணிக அன்பர்கள் அவரிடம் ஒரே ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்க வேண்டுகிறேன்: "சரியாக வராவிட்டால் நாளைக் காலை எந்த பில்லில் வியாபாரம் செய்வேன், எழுதிக் கொடுங்கள்." பதில் தாளில் வந்த பிறகு கம்ப்யூட்டரைத் தொட விடுங்கள்.